காலிக் குளத்தில் நாலு பேர்

அத்தியாயம் 11

தையல்காரம்மா வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பதினாலு மாதம் ஆகிறது என்பதை விடாமல் படித்து வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன இதழைப் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மகளை விரும்பிய பையனின் பெற்றோர் அன்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலேயே பெண்ணின் அப்பா, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற நம் லிஃப்ட்காரர், “சின்ன வயசுல பாப்பாவுக்கு நெஞ்சுல ஒரு ஆபரேஷன் பண்ணினோம். இப்ப ஒண்ணும் இல்ல” என்று சொல்லி வைத்தார். வந்தவர்கள் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

கதவைச் சாத்திய கையோடு தையல்காரம்மா திரும்பினாள். “நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்த வீடு எப்பவோ உருப்பட்டிருக்கும்.”

அவள் சொன்னது கோபத்தில். அவர் எடுத்துக்கொண்டது உத்தரவாக. அன்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. “அம்மாகிட்ட சொல்லு”, “அப்பாகிட்ட கேளு” என்று ஒரே அறைக்குள் இருபத்தொன்பது வயதுப் பெண் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தாள்.

அந்தப் பெண், அதாவது பாப்பா, போட்ட திட்டம்தான் பிக்கிள்பால், அதாவது சின்ன டென்னிஸ் மாதிரி வலை கட்டிப் பேட்டால் ஆடும் ஆட்டம். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகப் புளுகி, தெருக்கோடியில் பழைய கிடங்கு ஒன்றில் இருந்த கோர்ட்டுக்கு இருவரையும் தள்ளிக்கொண்டு போனாள். வலைக்கு ஒரே பக்கம் ஜோடியாக நிறுத்தினாள். ஜோடியாக ஆடினால், நடுவில் வரும் பந்துக்கு யாராவது ஒருவர் குரல் கொடுத்தாக வேண்டும்.

லிஃப்ட்காரருக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். லிஃப்ட் குழிக்குள் ஒருத்தர் மேலே நிற்பார், ஒருத்தர் கீழே நிற்பார். “கையை எடு”, “மேல போறேன்” என்று குரல் கொடுக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப மாட்டார்கள். கொடுக்காவிட்டால் கீழே நிற்பவர் உயிருக்கு ஆபத்து. முப்பது வருடப் பழக்கம் வீட்டுச் சண்டைக்கெல்லாம் அடங்குமா? முதல் நாளே பந்து நடுவில் வந்தது. “என்னுது!” என்று கத்திவிட்டார்.

அப்புறம் “உன்னுது”, “பின்னால போ”, “விட்டுடு, வெளிய போகுது.” ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் மறுபடி பூட்டுப் போட்டுக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் தையல்காரம்மா மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் கிடங்கை ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனி மொத்தமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டது. கோர்ட் போயிற்று. கூடவே குரலும் போயிற்று.

இனி, இந்த ஞாயிற்றுக்கிழமை.

“சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்மா,” என்றாள் பாப்பா, பல் தேய்த்துக்கொண்டே.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தரைத்தளத்தில் ஏழு வருடமாகச் சோதனைக் குழாய்களை எண்ணிக்கொண்டிருப்பவள் அவள். வேறொரு ஊரில் புதிதாகத் திறக்கிற கிளைக்கு அவளைத் தலைவியாக வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை கிளம்ப வேண்டும்.

“சொல்லிடு. வரேன்னு சொல்லிடு,” என்றாள் தையல்காரம்மா.

“எப்படிம்மா சொல்றது? நான் போயிட்டா இந்த வீட்டுல பேசறதுக்கு யார் இருக்கா? கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்லக்கூட ஆள் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஆடறதுக்கு ஒரு இடம் அமைஞ்சா போறேன். இல்லன்னா போகல.”

“எங்களுக்காகவா நீ பொறந்த?”

“வேற யாருக்காகப் பொறந்தேன்?” என்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள்.

அந்தச் சம்பந்தம் கலைந்தபிறகு இந்தப் பெண் எதற்கும் ஆசைப்பட்டுத் தையல்காரம்மா பார்க்கவில்லை. இந்த வேலை விஷயம் வந்த அன்றுதான் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதையும் தங்கள் சண்டை விழுங்கிவிட்டால், பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் ஏது?

அதனால்தான் ஆறரை மணிக்குச் சாக்கட்டியும் அளவு நாடாவுமாகக் கார் நிறுத்துமிடத்தில் மண்டி போட்டிருந்தாள். இருபதுக்கு நாற்பத்துநாலு அடி. திரைச்சீலைக் கடையில் பத்தொன்பது வருடமாக ஜன்னல் அளந்தவளுக்கு இது ஒரு பெரிய ஜன்னல், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். ஒரு கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தார். இன்னொரு கோட்டையும் அழித்தார்.

“ஏன் அழிக்கறாருன்னு கேளு பாப்பா,” என்றாள் தையல்காரம்மா, பின்னாலேயே வந்த மகளிடம்.

“அம்மா, நாலு பக்கமும் நாலு இஞ்ச் கூட இருக்காம்.”

தையல்காரம்மா நாடாவைப் பார்த்தாள். கை தன் பழக்கத்துக்கு மடிப்புக்கும் தையலுக்கும் துணி விட்டு அளந்திருந்தது. பாப்பா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. சாக்கட்டியை எடுத்துச் சரியான இடத்தில் கோடு போட்டார். அவள் பிடித்திருந்த நாடாவின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டபோது அவளுக்கு நெஞ்சு படபடத்தது. ஐம்பத்தாறு வயதில் நாடாவைப் பிடித்ததற்கெல்லாம் நெஞ்சு படபடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பழைய திரைச்சீலை ஒன்றைக் கட்டி வலை ஆக்கினார்கள். எதிர்ப்பக்கம் பாப்பா தனியாக நின்று பந்தைப் போட்டாள். டொக். டொக். மூன்றாவது அடி நேராக நடுவில் வந்தது. தையல்காரம்மா வேண்டுமென்றே அசையாமல் நின்றாள். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

“என்ன நடக்குது இங்க?”

கேட்டது லிஃப்ட்காரர் இல்லை. குடியிருப்புச் செயலாளர், துவைக்காத பனியனோடு மாடிப்படியில் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது மனுஷன் தூங்க வேணாமா? டொக்கு டொக்குன்னு மண்டையில ஆணி அடிக்கறீங்க! முதல் மாடியில பச்சக் குழந்தை எழுந்துடுச்சு. மூணாவது மாடியிலேருந்து ரெண்டு போன் வந்துடுச்சு.”

“பத்தே நிமிஷம் சார்,” என்று கெஞ்சினாள் தையல்காரம்மா.

“பத்து நிமிஷம் ஆணி அடிச்சா மட்டும் வலிக்காதா?”

லிஃப்ட்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பந்து உருண்டு ஒரு காரின் அடியில் போய் நின்றது. அதை எடுக்கத் தரையில் படுத்த தையல்காரம்மா, எழுந்து வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். அழுதது வெளியில் தெரியக் கூடாது என்பதற்காக.

நகரத்தில் கோர்ட்டே இல்லாமல் இல்லை. முன்பதிவுச் செயலியைத் திறந்தால் வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளி. தொட்டால் எல்லாம் சிவப்பாகிவிடும். காலை ஏழு மணிக்கு அன்றைய நேரங்களைத் திறப்பார்கள், ஏழு ஆகி ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாப்பா ஆறு ஐம்பத்தெட்டிலிருந்தே கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“கெடச்சுடுச்சு! பதினொரு மணி!”

இரண்டு பஸ் மாறி, ஐம்பது நிமிடம் நின்றுகொண்டே போனார்கள். கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், எட்டு கோர்ட். வரவேற்பில் இருந்த பெண் பாப்பாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இது எங்க இன்னொரு கிளை மேடம். ஊருக்கு அந்தப் பக்கம்.”

“பேர் இதேதானே?”

“பேர் இதேதான். எடம் வேற.”

பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கடைசிக் கோர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை.

“அது காலியாத்தானே இருக்கு?”

“அது புக் ஆயிருக்கு மேடம்.”

“ஆள் வரலையே?”

“வரலன்னாலும் புக் ஆயிருக்கு.”

“அவங்க வர்ற வரைக்கும் ஆடறோம்மா. வந்தா வெளிய போயிடறோம்.”

“சிஸ்டம் விடாது மேடம்.”

சிஸ்டம் என்பது யார், அவரை எங்கே பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பாள், சத்தியமாக. ஒரு மணி நேரம் அந்தக் கோர்ட் விளக்கை எரித்துக்கொண்டு சும்மா கிடக்கும். அவளுடைய ஒரு மணி நேரம் அதற்குள்ளேதான் கிடந்தது.

அந்தப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பழைய பொது நீச்சல் குளம் ஒண்ணு இருக்கு. இங்கேருந்து மூணாவது ஸ்டாப். புக்கிங் கிடையாது, யார் வேணாலும் ஆடலாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்க, மத்த நாள் விடியக்காலையிலேயே.”

“குளத்துலயா?”

“தண்ணி இல்ல மேடம்.”

குழாய் வெடித்துப் பல வருடமாகக் காய்ந்து கிடக்கும் குளம் அது. ஆழம் குறைந்த பக்கத்தில் நீல ஓட்டின் மேல் வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் வலை கட்டியிருந்தார்கள். இரும்பு ஏணி வழியாக இறங்க வேண்டும். விளிம்பில் பேட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. முதல் நாலு பேட்டுக்கு உரியவர்கள் இறங்கி ஆட, ஆட்டம் முடிந்ததும் அடுத்த நாலு பேர். விசிலோடு மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அவரைக் குளத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

தையல்காரம்மா இரண்டு பேட்டையும் ஒட்டி ஒட்டி வைத்தாள். ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்தாள். கால் மணிக்கு ஒரு தரம் பேட்டுகள் முன்னால் நகர நகர, பாப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அடுத்த நாலு!” என்று விசில் ஊதிய குளத்துக்காரர், இறங்கியவர்களை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா?”

“ஆமா சார்.”

“அப்ப ஆளுக்கொரு பக்கம் போங்க. இங்க புருஷன் பெண்டாட்டி ஒரே பக்கம் கிடையாது.”

“ஏன் சார்?”

“சண்டை வருதும்மா. ‘உன்னாலதான் போச்சு, உன்னாலதான் போச்சு’ன்னு ஒரே ரகளை. போன வருஷம் ஒரு அம்மா பேட்டை வீசிட்டு ஏணியில ஏறிப் போனவங்கதான், இன்னும் வரல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலேயிருந்து பாப்பா, “சார், இன்னிக்கு மட்டும்...” என்று ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் அதற்குள் நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார். ஒரு டாக்ஸி டிரைவர் அவருக்கு ஜோடி. தையல்காரம்மாவுக்குக் கல்லூரிப் பெண் ஒருத்தி.

சரி, எதிர்ப்பக்கம் என்றாலும் சர்வீஸ் போடுமுன் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமே, அதாவது காதில் விழுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“மூணு, ரெண்டு, ஒண்ணு,” என்றார் லிஃப்ட்காரர். தங்கள் புள்ளி, எதிர்ப்பக்கப் புள்ளி, சர்வீஸ் போடுவது எத்தனையாவது ஆள் என்ற கணக்கு அது.

பந்து வந்தது. அடித்தாள். டாக்ஸிக்காரருக்கும் அவருக்கும் நடுவில் விழப் பார்த்தது. “என்னுது!” என்று பாய்ந்து எடுத்தார். புள்ளி கிடைத்தது. டாக்ஸிக்காரர் பேட்டால் அவர் பேட்டைத் தட்டினார்.

“சூப்பர் சார்! எப்படி எடுத்தீங்க?”

“எடுப்பேன்னு நானே நெனைக்கல சார்! முட்டி ரெண்டும் காலையிலேருந்து வேலைநிறுத்தம் பண்ணிக்கிட்டிருக்கு!”

காலிக் குளத்தில் நாலு பக்கமும் ஓடு பதித்த சுவர். ஒரு சொல்கூடச் சிந்தாமல் வந்து அவள் காதில் விழுந்தது. கடகடவென்று சிரிப்பும் விழுந்தது. அந்தச் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

அடுத்த புள்ளிக்கு நடுவில், பந்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் டாக்ஸிக்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் சார், பதினாறாவது மாடிக்கும் பதினேழாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள ஒரே ஒரு ஆள். பாட்டு வாத்தியாராம். பயம் போகறதுக்குப் பாட ஆரம்பிச்சுட்டாரு. நான் கதவைத் தொறந்தா, ‘இருங்க, இந்த ஒரு அடியை முடிச்சுடறேன்’றாரு!”

டாக்ஸிக்காரர் வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லூரிப் பெண் சிரித்தாள். மேலே வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

போன மாதம் நடந்ததாம். வேலை விட்டு வந்து, கை கழுவி, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த ஏதோ ஒரு நாள். எந்த நாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த மனிதருக்குப் பேச்சே அற்றுப்போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். பேச்செல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. அவளுக்கு மட்டும் கிடையாது.

“ஆன்ட்டி, உங்க பந்து! ஆன்ட்டி!”

பந்து அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்து எகிறிப் போனது. அவள் பேட்டைத் தூக்கக்கூட இல்லை.

நாலரை மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் பாப்பாவுக்கு இடம் கிடைத்தது. பின்னால் இருவர் சீட் ஒன்று காலியாக, வேறு வழியில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாப்பா போனையும் அவர்களையும் மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் விழுந்திருந்தது. போகவில்லை என்று சொல்லத்தான் போகிறாள் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

தையல்காரம்மா மடியில் கிடந்த பேட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நேராக அவரிடம், தபால் இல்லாமல்.

“அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க பொய் ஒண்ணும் சொல்லல. உள்ளதைத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுடுங்க.”

பதினாலு மாதமாகத் தொண்டையில் நின்றது, ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் போவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது.

பஸ் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், ஆறு பேர் ஏறினார்கள். மறுபடி கிளம்பியது. லிஃப்ட்காரர் தலையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளையிலேருந்து அந்தக் குளத்துக்கு நான் மட்டும் போறேன்,” என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். “நீ வர வேணாம். அங்க நான் கொஞ்சம் மனசு விட்டுப் பேசறேன். நீ எதிர்ல நின்னா வராது.”

அவ்வளவுதான். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அவளிடம் பேசிவிட்டார். நாலு முழு வாக்கியம். இதற்காக ஊரெல்லாம் சுற்றினாள், நாடா பிடித்தாள், செயலாளரிடம் கெஞ்சினாள், வெயிலில் காய்ந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கை மட்டும் பேட்டின் பிடியைப் பிடித்த பிடியில் இருந்தது.

“அம்மா!”

கூட்டத்தை இடித்துக்கொண்டு பாப்பா வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

“அப்பா பேசினாரு! உன்கிட்ட! நான் பாத்தேன். கோர்ட்டுல இல்ல, பஸ்ஸுல! என்னம்மா சொன்னாரு?”

மணி நாலு ஐம்பத்திரண்டு. பாப்பாவின் கையில் போன் திறந்தபடி இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் திரும்பப் போய் அந்தத் தரைத்தளத்தில் உட்கார்ந்து ஆயுசுக்கும் குழாய் எண்ணுவாள்.

“நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணுமாம்,” என்றாள் தையல்காரம்மா. “குளத்துக்கு. வரிசையில முன்னாடி பேட் வைக்கணுமாம்.”

“ரெண்டு பேரும் சேர்ந்தா?”

“பின்ன?”

“ஆனா அங்க ஜோடியைப் பிரிச்சுடறாங்களேம்மா?”

“பிரிச்சா என்ன? போற வழியும் வர்ற வழியும் இருக்கே.”

பாப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கேயே, கம்பியில் தொங்கிக்கொண்டே, ஒற்றைக் கையால் போனில் தட்டினாள். “அனுப்பிட்டேன். வரேன்னு சொல்லிட்டேன்மா. வியாழக்கிழமை கிளம்பறேன்.” பிறகு குனிந்து, சந்தோஷம் தாங்காமல், அப்பாவின் தோளைத் தொட்டாள். “எத்தனை மணிக்குப்பா கிளம்பறீங்க ரெண்டு பேரும்? நான் எழுந்து டீ போட்டுத் தரேன்.”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலேயே உள்ளதைச் சொல்கிற மனிதர். இப்போது மகள் கேட்கவும் கேட்டுவிட்டாள்.

லிஃப்ட்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆறு மணிக்கு,” என்றார்.

பாப்பா சிரித்துக்கொண்டே தன் சீட்டுக்குப் போய்விட்டாள். அவர் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினார். தையல்காரம்மாவை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

நாளை ஆறு மணிக்கு, பாப்பா வாசலில் நின்று கையசைக்க, இருவரும் பேட்டை எடுத்துக்கொண்டு சேர்ந்து கிளம்பியாக வேண்டும். வியாழன் வரை தினமும் அப்படித்தான். அவர் தெருமுனையில் பஸ் ஏறிக் குளத்துக்குப் போய்விடுவார். தெருமுனைவரை அவளும் நடந்துவிடலாம். அதற்கப்புறம் கையில் பேட்டோடு எங்கே போவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.